தூக்கத்துக்கு 58 மார்க் வாங்கிய வாசகிக்கு

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

வயது 44. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை. கம்பெனி பஸ் 6.15க்கு வந்துவிடும் என்பதால் தினமும் 5.30க்கு எழுந்தாக வேண்டும். போன தீபாவளிக்கு மகள் ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்தாள். அதுவரை, "படுத்தால் தூங்கிவிடுவேன், நடுவில் ஒருமுறை எழுவேன், அவ்வளவுதான்" என்று இருந்தவர். முதல் வாரத்திலேயே வாட்ச் 58 மார்க் போட்டது. மொத்தத் தூக்கம் 6 மணி 20 நிமிடம், ஆழ்ந்த தூக்கம் 42 நிமிடம், கவனம் தேவை என்று சிவப்பில் காட்டியது. அன்றிலிருந்து ஒன்பது மணிக்கே படுக்கப் போகிறார். பதினொன்று வரை புரள்கிறார். மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் மணிக்கட்டைப் பார்த்து, இன்னும் எவ்வளவு நேரம் மிச்சம் என்று கணக்குப் போடுகிறார். பிறகு தூக்கம் எங்கே வரும்?

தூக்கத்துக்காக அவர் விட்டவை: புதன்கிழமை பூப்பந்து, வெள்ளிக்கிழமை கோயில், காலைத் தேநீர், இரவில் நடக்கும் உறவினர் வீட்டு விசேஷங்கள். சுங்கை பட்டாணியில் அண்ணன் மகன் கல்யாணத்துக்கு மட்டும் போனார். இரவு ஒரு மணிக்குப் படுத்து ஏழு மணிக்கு எழுந்தபோது "நன்றாகத்தான் இருந்தது". வாட்ச் 49 என்றது. பத்து மணிக்குள் தலை கனத்து, மறுநாள் வேலைக்கும் எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்துவிட்டார்.

இரண்டு வருடத்துக்கு முன் மறைந்த அவருடைய அம்மாவுக்குக் கடைசி நாலைந்து ஆண்டுகள் மறதி நோய். "அம்மா விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து கேட்டைத் திறக்கப் போவார். நான்தான் பிடித்துவந்து படுக்க வைப்பேன்." ஆழ்ந்த தூக்கம் குறைந்தால் மறதி வரும் என்று ஒரு வீடியோவில் பார்த்ததிலிருந்து பயம் இன்னும் கூடிவிட்டது.

இன்னொரு பத்தியை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்: "என் வீட்டுக்காரர் குறட்டை பக்கத்து வீட்டுக்கே கேட்கும். சில நேரம் திடீரென்று சத்தமே இருக்காது, அப்புறம் திணறிக்கொண்டு மூச்சை இழுத்துத் திரும்பிப் படுப்பார். என் மார்க் குறைகிறதே என்று நான் ஹாலில் பாய் போட்டுக்கொண்டேன். அவருக்கென்ன, லோரி ஓட்டிவிட்டு வந்து டிவி முன்னாலேயே தூங்கிவிடுவார். கொடுத்துவைத்தவர். 52 வயது, பிரஷர் மாத்திரை தவிர ஒரு நோயும் இல்லை."

அவர் கேட்பது நான்கு. ஆழ்ந்த தூக்கத்தைக் கூட்ட எந்த மாத்திரை நல்லது? எனக்கும் அம்மாவைப் போல ஆகிவிடுமா? வாட்ச்சைவிடத் துல்லியமான மோதிரம் வாங்கலாமா? கம்பெனியில் நடக்கும் ஆரோக்கியப் போட்டியில் எல்லாருடைய தூக்க மார்க்கையும் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள், அதிலிருந்து விலக முடியுமா?

வணக்கம் சகோதரி.

நீங்கள் கேட்காத ஐந்தாவது கேள்வி ஒன்று கடிதத்தின் நடுவில் இருக்கிறது. அவசரம் அதற்குத்தான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் கொடுத்துவைத்தவர் என்று எழுதிய உங்கள் கணவர்

உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் இருக்குமோ என்று பார்க்க மருத்துவர்கள் முதலில் கேட்கும் எட்டுக் கேள்விகளுக்கு ஸ்டாப்-பேங் என்று பெயர். உரத்த குறட்டை, பகலில் அசதி, மூச்சு நிற்பதை இன்னொருவர் பார்த்திருப்பது, ரத்தக்கொதிப்பு, 50ஐத் தாண்டிய வயது, ஆணாக இருப்பது. இந்த ஆறுக்கும் உங்கள் கடிதமே ஆம் என்று சொல்லிவிட்டது. உடல் எடையும் கழுத்துச் சுற்றளவும்தான் பாக்கி. ஐந்து வந்தாலே ஆபத்து அதிகம் என்று கணக்கு. இதை வைத்து நோய் இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது, ஆனால் சோதித்துப் பார்க்காமல் விடவும் கூடாது.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை அடைபடுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை பதறிப்போய் ஆளை ஒரு நொடி எழுப்புகிறது. நீங்கள் கேட்ட திணறல் அதுதான். இது மணிக்கு 30 முறையோ அதற்கு மேலோ நடந்தால் கடுமையான நிலை என்று கணக்கு. காலையில் அவருக்கு எதுவும் நினைவிருக்காது, எட்டு மணி நேரம் தூங்கியதாகத்தான் சொல்வார். டிவி முன்னால் கண் செருகுவது கொடுப்பினையால் அல்ல, இரவில் தீராத தூக்கக் கடனால். அதே கடனோடுதான் காலையில் லோரியில் ஏறி நெடுஞ்சாலைக்குப் போகிறார். கவனிக்காமல் விட்டால் ரத்தக்கொதிப்பும் அடங்காது.

இரண்டு இரவு கைப்பேசியில் அந்தக் குறட்டையையும் நிற்கும் இடத்தையும் இரண்டு மூன்று நிமிடம் பதிவு செய்யுங்கள். முகம் தெரிய வேண்டியதில்லை, சத்தமும் மார்பின் அசைவும் போதும். அதை எடுத்துக்கொண்டு அரசாங்கச் சுகாதார மையமான கிளினிக் கெசிஹாத்தானுக்கு அவரை அழைத்துப் போங்கள். குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான். "இவர் லோரி ஓட்டுநர்" என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள், பரிந்துரைக் கடிதத்தில் அது எழுதப்பட வேண்டும். காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கோ சுவாசப் பிரிவுக்கோ அனுப்புவார்கள். அரசாங்க மருத்துவமனையில் தூக்கப் பரிசோதனைக்குக் காத்திருக்க நேரலாம். வசதியிருந்தால் தனியாரில் வீட்டிலேயே செய்யும் பரிசோதனையை விசாரியுங்கள். அதுவரை இரவில் பீர் வேண்டாம், ஒருக்களித்துப் படுக்கட்டும். வண்டி ஓட்டும்போது கண் எரிந்தால் அடுத்த ஓய்விடத்தில் நிறுத்தி இருபது நிமிடம் தூங்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

லைசென்ஸ் போய்விடும் என்று அவர் பயந்து மறுக்கலாம், பல ஓட்டுநர்கள் மறுக்கிறார்கள். சீப்பேப் என்னும் காற்றழுத்தக் கருவியை ஒழுங்காக மாட்டிக்கொள்பவர்களுக்குப் பகல் தூக்கம் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது, ஓட்டும் தொழிலைத் தொடர்பவர்களும் நிறைய. வேலைக்கு ஆபத்து சிகிச்சை எடுக்காமல் இருப்பதில்தான்.

இனி உங்கள் விஷயம்.

அந்த 42 நிமிடம்

தூக்க ஆய்வுக்கூடத்தில் ஒருவரைப் படுக்க வைத்தால் தலையில் மின்முனைகளை ஒட்டி மூளை அலையைப் பதிவு செய்வார்கள். கண் அசைவையும் தாடைத் தசையின் இறுக்கத்தையும் கூடவே பார்ப்பார்கள். மூளையில் மெதுவான பெரிய அலைகள் எழும் நேரத்துக்குத்தான் ஆழ்ந்த தூக்கம் என்று பெயர். உங்கள் வாட்ச் மூளைப் பக்கமே போவதில்லை. பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சி நாடித்துடிப்பை எடுக்கிறது, கை அசைகிறதா என்று பார்க்கிறது. இந்த இரண்டையும் வைத்து ஒரு சூத்திரத்தின்படி யூகிக்கிறது. மொத்தம் எவ்வளவு நேரம் தூங்கினீர்கள் என்பதை ஓரளவு சரியாகச் சொல்லும். அசையாமல் விழித்துக் கிடந்தால் அதையும் தூக்கக் கணக்கில் சேர்த்துவிடும். எந்த நேரம் எந்த வகைத் தூக்கம் என்று பிரிக்கும் இடத்தில்தான் அதிகம் தடுமாறும். ஆய்வுக்கூடப் பதிவையே பயிற்சி பெற்ற இருவர் தனித்தனியாகப் படித்தால் ஏறக்குறைய 80 சதவீதம்தான் ஒத்துப்போகும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். இத்தகைய கருவிகளை நோய் கண்டறியவோ சிகிச்சையை முடிவு செய்யவோ பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2018இலேயே சொல்லிவிட்டது.

சரி, 42 நிமிடம் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். நீங்கள் கணக்குப் பிரிவு, போட்டுப் பாருங்கள். 380 நிமிடத்தில் 42 என்றால் 11 சதவீதம். பெரியவர்களுக்குப் பத்திலிருந்து இருபது சதவீதம் வரை ஆழ்ந்த தூக்கம் இருப்பது வழக்கம், வயது ஏற ஏற அது குறையும். உங்கள் மகளுக்கு உங்களைவிடக் கூடுதலாக இருந்தால் அது அவள் வயதுக்கு உரியது. உங்களுடையதைச் சிவப்பில் காட்டியது செயலியை வடிவமைத்தவரின் விருப்பம், மருத்துவ அளவுகோல் அல்ல. இன்னொன்று, ஆழ்ந்த தூக்கத்தில் பெரும்பகுதி இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கிலேயே வந்துவிடும். படுக்கையில் கிடக்கும் நேரத்தை நீட்டி அதைக் கூட்ட முடியாது.

மூன்று மணி விழிப்பும் அப்படித்தான். தூக்கம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக வருகிறது. சுற்றுகளுக்கு நடுவே கொஞ்சம் விழிப்பது எல்லாருக்கும் நடக்கும், பெரும்பாலும் நினைவில் நிற்காது. வாட்ச் வருவதற்கு முன்பும் நீங்கள் எழுந்தீர்கள், "அவ்வளவுதான்" என்று விட்டீர்கள். இப்போது எழுந்ததும் மணி பார்க்கிறீர்கள், மிச்சத்தைக் கழித்துப் பார்க்கிறீர்கள், காலையில் வரப்போகும் மார்க்கை நினைக்கிறீர்கள். நடுராத்திரியில் ஆடிட் நடத்தினால் எந்த மூளை தூங்கும்?

இது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2017இல் சிகாகோ ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட மூன்று பேரைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதி, ஆர்த்தோசோம்னியா என்று பெயரும் வைத்தார்கள். நோய்ப் பட்டியலில் அது இன்னும் இடம்பெறவில்லை. அந்த மூவரில் ஒரு பெண்ணுக்கு ஆய்வுக்கூடத்தில் பரிசோதனை செய்து, ஆழ்ந்து தூங்கியிருக்கிறீர்கள் என்று சொன்னபோது, அப்படியென்றால் நான் சரியாகத் தூங்கவில்லை என்று என் கருவி ஏன் காட்டுகிறது என்று கேட்டாராம். மூளை அலையையே பார்த்தவர்களைவிட மணிக்கட்டில் இருந்ததைத்தான் அவர் நம்பினார்.

கல்யாணத்துக்கு மறுநாள் நடந்தது

ஏழு மணிக்கு எழுந்தபோது நன்றாக இருந்தது, 49ஐப் பார்த்தபின் தலை கனத்தது என்று நீங்களே வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய இடம் இதுதான்.

2014இல் அமெரிக்காவின் கொலராடோ கல்லூரியில் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்களிடம் கருவிகளைப் பொருத்துவதுபோலப் பாவனை செய்து, சிலரிடம் உங்களுக்குக் கனவுத் தூக்கம் 28.7 சதவீதம், சராசரியைவிட நன்று என்றும், சிலரிடம் 16.2 சதவீதம்தான், குறைவு என்றும் சொன்னார்கள். இரண்டுமே கட்டிவிட்ட எண்கள். பிறகு வரிசையாக ஒலிக்கும் எண்களைக் கேட்டுக் கூட்டும் தேர்வு வைத்தபோது, குறைவு என்று கேட்டவர்கள்தான் மோசமாகச் செய்தார்கள். 2018இல் ஆக்ஸ்ஃபர்ட் ஆய்வாளர்கள் தூக்கமின்மை உள்ள 63 பேருக்கு மணிக்கட்டுக் கருவியைக் கட்டி, இதுபோலவே பொய்யான முடிவுகளைக் காட்டினார்கள். மோசம் என்று காட்டப்பட்டவர்களுக்கு அன்று பகலிலேயே அசதி கூடியது, உற்சாகம் குறைந்தது.

உங்கள் களைப்பு கற்பனை என்று நான் சொல்லவில்லை, தலை உண்மையாகவே கனத்திருக்கும். ஆனால் அந்தக் கனம் இரவிலிருந்து வரவில்லை, அந்த எண்ணிலிருந்து வந்தது. ஆகவே நான் கேட்பது வேறு கணக்கு. பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுகிறீர்களா? மதியத்துக்கு மேல் கணக்கில் பிழை வருகிறதா? காரணமில்லாமல் எரிந்து விழுகிறீர்களா? இவை இல்லையென்றால் உங்கள் தூக்கம், அழகாக இல்லாவிட்டாலும், வேலைக்கு ஆகிறது என்று பொருள்.

ஒன்பது மணிக்குப் படுப்பதை நிறுத்துங்கள்

கடிதத்தில் உள்ளவற்றில் உங்களுக்கு அதிகக் கெடுதல் செய்வது இந்த நல்ல எண்ணம்தான். ஒன்பதிலிருந்து ஐந்தரை என்றால் எட்டரை மணி நேரம். அதில் தூங்குவது 6 மணி 20 நிமிடம். மீதி இரண்டு மணி நேரத்துக்கு மேல் படுக்கையில் விழித்துக் கிடந்து பழகுகிறீர்கள். படுக்கை என்றாலே விழிப்பு என்று உடம்பு கற்றுக்கொண்டுவிடுகிறது.

வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம்தான் உடம்பு மிக விழிப்பாக இருக்கும் நேரம். தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை 1982 ஜனவரி முதல் தேதி அரை மணி முன்னால் தள்ளி சபா, சரவாக் நேரத்தோடு சேர்த்தார்கள். பினாங்கில் நம் கடிகாரம் சூரியனைவிட ஏறக்குறைய ஒரு மணி இருபது நிமிடம் முந்தி ஓடுகிறது. உங்கள் இரவு ஒன்பது, சூரியக் கணக்கில் எட்டுகூட ஆகவில்லை. அந்த நேரத்தில் புரண்டதற்கு உங்களைக் குறைசொல்ல முடியாது.

பெரியவர்கள் வழக்கமாக ஏழு மணி நேரமாவது தூங்குவது நல்லது என்பது 2015இல் அமெரிக்க நிபுணர் குழு தந்த பரிந்துரை. வீடியோக்காரர்கள் சொல்லும் கட்டாய எட்டு அதில் இல்லை. ஏழைத் தொட நாமும் முயல்வோம், ஆனால் வழி நேர்மாறானது. முதலில் படுக்கை நேரத்தைக் குறைக்க வேண்டும்.

இன்றிலிருந்து 10.45க்கு முன் படுக்காதீர்கள். அப்போதும் கண் சொக்கினால்தான் படுக்கை. எழுவது 5.30. ஞாயிற்றுக்கிழமை அதிகபட்சம் ஒரு மணி நேரம் தள்ளலாம். படுத்து, உத்தேசமாக இருபது நிமிடமாகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்துவிடுங்கள். மணி பார்க்க வேண்டாம், உத்தேசம் போதும். மங்கலான வெளிச்சத்தில் துணி மடியுங்கள், பழைய வார இதழ் ஏதாவது புரட்டுங்கள். தூக்கம் வந்தபின் திரும்பிப் போங்கள். மூன்று மணி விழிப்புக்கும் இதே விதி. வாட்ச்சும் கைப்பேசியும் இரவில் சமையலறையில் சார்ஜ் ஆகட்டும். எழுப்புவதற்குப் பத்து இருபது ரிங்கிட்டில் ஒரு அலாரம் கடிகாரம் வாங்கி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள். ஒரு வாரம் பெரும்பாலான இரவுகளில் படுத்த வேகத்தில் தூங்கி, நடுவிலும் அதிகம் விழிக்கவில்லையென்றால், அடுத்த வாரம் 10.30 ஆக்குங்கள். இப்படிப் படுக்கும் நேரத்தைப் பதினைந்து பதினைந்து நிமிடமாக முன்கூட்டி வையுங்கள்.

முதல் ஒன்றிரண்டு வாரம் பகலில் தூக்கம் தள்ளும். நீங்கள் பஸ்ஸில் போவது நல்லதாயிற்று, அந்த நாட்களில் காரோ மோட்டார்சைக்கிளோ எடுக்க வேண்டாம். வலிப்பு நோயோ இருமுனை மனநோயோ இருந்தால் இதைச் சொந்தமாகச் செய்யாமல் மருத்துவரிடம் பேசுங்கள். நான் எழுதியிருப்பது தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் ஒரு பகுதி. மாத்திரைக்கு முன்னால் இதைத்தான் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் வழிகாட்டியது.

ஹாலில் படுப்பதில் தவறில்லை. கணவர் குறட்டைக்குச் சிகிச்சை கிடைக்கும்வரை தனியே படுங்கள், ஆனால் அவர் டிவி பார்க்கும் இடத்தில் வேண்டாம். மகள் யுனிவர்சிட்டி விடுதியில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அவள் அறை காலிதானே.

அம்மாவின் மறதி உங்களுக்கும் வருமா?

வீடியோவில் சொன்னது முழுப் பொய்யல்ல, பாதியை வைத்து மீதியைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். பிரிட்டனில் ஏறக்குறைய 8,000 பேரை 25 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2021இல் வந்தது. ஐம்பது, அறுபது, எழுபது வயதுகளில் தொடர்ந்து ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு, தொடர்ந்து ஏழு மணி நேரம் தூங்கியவர்களைவிட மறதி நோய் வரும் வாய்ப்பு சுமார் 30 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். அது ஒரு தொடர்புதான், இதனால்தான் அது வந்தது என்று நிரூபித்ததாகாது. மேலும் அவர்கள் கணக்கிட்டது மொத்த நேரத்தை, வாட்ச் சொல்லும் ஆழ்ந்த தூக்க நிமிடத்தை அல்ல.

மறதி நோய் குறித்து லான்செட் இதழ் அமைத்த நிபுணர் குழு 2024இல், நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. தூக்கத்தையும் பரிசீலித்தார்கள், பட்டியலில் சேர்க்கவில்லை. சேர்த்தவற்றில் ரத்தக்கொதிப்பு, இனிப்பு நீர், கொலஸ்ட்ரால், காது மந்தம் எல்லாம் உண்டு. உடலுழைப்பு இல்லாமை, மனச்சோர்வு, மனிதர்களிடமிருந்து ஒதுங்கி வாழ்வது ஆகியவையும் உண்டு. இப்போது நீங்கள் விட்டவற்றை எண்ணுங்கள். பூப்பந்து. கோயில். உறவினர் விசேஷம். மறதியைத் தடுப்பதாக நினைத்து, அதைத் தடுக்க உண்மையில் உதவக்கூடியவற்றை ஒவ்வொன்றாகக் கைவிட்டிருக்கிறீர்கள்.

புதன்கிழமை மட்டையை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய், சாவகாசமாக இரவு உணவை முடித்துவிட்டு வந்தாலும் 10.45க்கு நேரம் இருக்கும். அப்படியே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் பெரியவர்களில் 15.6 சதவீதத்தினருக்கு இனிப்பு நீர். அதாவது ஆறு பேரில் ஒருவர். தூக்க மார்க்கை நாள்தோறும் பார்த்த நீங்கள் கடைசியாகச் சர்க்கரை பார்த்தது எப்போது என்று கடிதத்தில் இல்லை.

அம்மாவுக்கு எழுபதைத் தாண்டித்தான் தொடங்கியது என்கிறீர்கள். அந்த வயதில் பெற்றோருக்கு வந்தால் பிள்ளைகளுக்கான வாய்ப்பு கொஞ்சம் கூடும், கட்டாயம் வரும் என்பதில்லை. ஆனால் அந்த மூன்று மணியை நான் சும்மா கடந்துபோக விரும்பவில்லை. பல வருடம் அதே நேரத்தில் கேட் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு படுத்தவர் நீங்கள். அம்மா போய்விட்டார், காவல் மட்டும் இன்னும் விலகவில்லையோ என்று எனக்குத் தோன்றுகிறது. கடிதத்தில் வாட்ச்சைப் பற்றி இரண்டு பக்கம், அம்மாவைப் பற்றி நான்கு வரி. அந்த நான்கு வரியை யாரிடமாவது நிதானமாகப் பேச வேண்டும் போலிருந்தால், சுகாதார அமைச்சின் மெந்தாரி சமூக மனநல மையங்களில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். மனம் மிகவும் தாழ்ந்து, வாழ்வே வேண்டாம் என்பதுபோல் எந்த நேரத்திலாவது தோன்றினால் 15555 என்ற ஹீல் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

கம்மி, மாத்திரை, மோதிரம்

ஆழ்ந்த தூக்கத்தைக் கூட்டும் மாத்திரை என்று எதையும் நான் உங்களுக்கு எழுதித்தரப் போவதில்லை. வழக்கமான தூக்க மாத்திரைகளில் பென்சோடயசிபீன் வகை ஆழ்ந்த தூக்கத்தை உண்மையில் குறைக்கிறது. இணையத்தில் வாங்கிச் சாப்பிடுவதாக நீங்கள் எழுதிய மெலடோனின் கம்மியை (தூக்க ஹார்மோன் கலந்த மிட்டாய்) நிறுத்திவிடுங்கள். மலேசியாவில் மெலடோனினைச் சத்துப்பொருளாக விற்க அனுமதி இல்லை, அது மருந்துக் கட்டுப்பாட்டுக்குள் வருவது. உங்கள் டப்பாவில் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள், இருக்காது என்றுதான் நினைக்கிறேன். 2023இல் அமெரிக்கச் சந்தையில் 25 கம்மிகளைச் சோதித்தபோது 22இல் லேபிளில் போட்ட அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை. ஒன்றில் மெலடோனினே இல்லை. மோதிரம் வேண்டாம். மணிக்கட்டில் நடக்கும் யூகம் விரலில் நடக்கும், விலைதான் கூடுதல்.

காலைத் தேநீரைத் திரும்பக் குடியுங்கள். காஃபின் பாதியாகக் குறைய ஐந்து மணி நேரம்போல ஆகும். ஆகவே மதியம் இரண்டுக்கு மேல் வேண்டாம், அவ்வளவுதான்.

எட்டு வாரம் இப்படிச் செய்தும் சரியாகவில்லையென்றால் கிளினிக்குக்குப் போங்கள். இரவில் வியர்த்து எழுவது, மாதவிலக்கு தப்புவது, கால் குடைச்சல், உங்களுக்கே குறட்டை, இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் விருப்பமின்மை, இவற்றில் ஏதாவது இருந்தால் எட்டு வாரம் காத்திருக்காதீர்கள். உங்கள் வயதில் மாதவிடாய் நிற்கும் காலம் நெருங்குவதாலும் தூக்கம் கலையலாம், தைராய்டும் ரத்தசோகையும் பார்க்க வேண்டியிருக்கலாம்.

கம்பெனிப் போட்டி

நான் வழக்கறிஞர் அல்ல. தெரிந்ததைச் சொல்கிறேன். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இன்படி உடல், மன நலம் பற்றிய விவரங்கள் கூருணர்வுத் தரவு. அதைப் பயன்படுத்த உங்கள் வெளிப்படையான சம்மதம் வேண்டும், கொடுத்த சம்மதத்தை எழுத்து மூலம் திரும்பப் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. வேலை தொடர்பான சட்டக் கடமைகளுக்குச் சில விலக்குகள் இருக்கின்றன. வாட்ஸ்அப் குழுவில் தூக்க மார்க் போடும் போட்டி அதில் அடங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சண்டைக்குப் போக வேண்டாம். போட்டியை நடத்துபவர் நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார், எட்டு மணி இரவுச் சுழல்வேலையில் இருக்கும் பெண்ணின் மார்க்கையும் அதே பட்டியலில் போடுவது எவ்வளவு அபத்தம் என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். மனிதவளப் பிரிவுக்கு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பினால் போதும். "என் தூக்க விவரங்களைப் போட்டிக்குப் பயன்படுத்தக் கொடுத்த சம்மதத்தை இன்றுடன் திரும்பப் பெறுகிறேன். இதுவரை சேர்த்ததை நீக்கி, நீக்கியதை உறுதிப்படுத்துங்கள். நடை எண்ணிக்கைப் போட்டியில் தொடர்ந்து பங்கேற்க விருப்பம்." கடைசி வரி கட்டாயமில்லை, ஆனால் அது இருந்தால் அவர்களும் முகம் சுளிக்க மாட்டார்கள். அனுப்புவதற்கு முன் செயலியில் கம்பெனிக் கணக்கோடு உள்ள இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். மின்னஞ்சலின் நகல் ஒன்றை உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள்.

வாட்ச்சைக் கழற்றினால் மகள் வருத்தப்படுவாளோ என்றும் எழுதியிருந்தீர்கள். கழற்ற வேண்டாம். தூக்கப் பதிவை மட்டும் அணைத்துவிட்டு, பகலில் கட்டிக்கொள்ளுங்கள். அணைக்கும் வழி தெரியாவிட்டால் அவளையே கூப்பிட்டுக் கேளுங்கள். அப்பாவைக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போகவும் அவள் துணை வேண்டியிருக்கும்.